மெஷ் போட்டும் இணையம் இழுபடுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

மட்டக்களப்புப் பக்கம் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு இருப்பது சாதாரணம். முன்னால் தாய் வீடு, பின்னால் மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. இணைய இணைப்பு மட்டும் ஒன்றுதான். அது முன் வீட்டு விறாந்தைச் சுவரில் வந்து நிற்கும். பின் வீட்டில் பிள்ளைக்கு சூம் வகுப்பு, மருமகனுக்கு வீட்டிலிருந்தே வேலை. கடையில் கேட்டால் "மெஷ் வாங்கிப் போடுங்க, வயர் இழுக்கத் தேவையில்ல" என்பார்கள். போட்டதும் ஃபோனில் சிக்னல் கோடு நிறைந்துவிடும். வேகம்தான் வராது.

மெஷ் என்பது வீட்டில் ஆங்காங்கே வைக்கும் சில வைஃபை பெட்டிகள் ஒன்றோடொன்று ரேடியோவில் பேசி ஒரே வைஃபையாக ஓடும் அமைப்பு. அது கெட்ட பொருள் இல்லை. ஆனால் கேபிள் செய்த வேலையை அது ரேடியோவிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். கையில் வைத்துக்கொண்டு நடக்கும் ஃபோனுக்கு ரேடியோ வேண்டும், சரி. அலுமாரிக்கு மேலே வைத்த மெஷ் பெட்டி எங்கேயும் நடந்து போவதில்லையே, அதற்கு ஏன் ரேடியோ? கீழே வரும் அறிகுறிகளில் பல இந்தக் கேள்வியில்தான் வந்து முடியும்.

இணைப்பு வந்து சேரும் இடத்தில் இருக்கும் மெஷ் பெட்டியை முதல் பெட்டி என்றும் மற்றவற்றைத் துணைப் பெட்டி என்றும் சொல்கிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்

ஒரு லப்டொப்பை நல்ல கேபிளால் முதல் பெட்டியில் நேரடியாகச் செருகி, அதன் வைஃபையை அணைத்துவிடுங்கள். லப்டொப்பில் லேன் துளை இல்லையென்றால் யூஎஸ்பி லேன் அடப்டர் ஒன்று வாங்கி வையுங்கள். பிழை தேடுகிறவருக்கு அதைவிடப் பயனுள்ள சாமான் வேறில்லை. இப்போது மூன்று விஷயம் பாருங்கள். இதில் பிங் என்பது, ஒரு முகவரிக்குச் சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் கட்டளை. வேகச் சோதனையில் என்ன வருகிறது? பெட்டியின் சொந்த முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிங் போட்டால் எத்தனை மில்லிசெக்கன்? வெளியே உள்ள கூகுளின் முகவரியான 8.8.8.8க்குப் பிங் போட்டால் எத்தனை? விண்டோஸில் பிங் கட்டளைக்குப் பின்னால் ஒரு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் அது நிற்காமல் ஓடும். ஓட விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள்.

கேபிளில் பெட்டிக்குப் போகும் பிங் 1 மில்லிசெக்கனை ஒட்டியே இருக்க வேண்டும். அது ஒழுங்காக இருந்து 8.8.8.8 மட்டும் தடுமாறினால் பிழை வீட்டுக்கு வெளியே. கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். இரண்டும் ஒழுங்காக இருந்து பின் வீட்டில் மட்டும் சிக்கல் என்றால் பிழை உங்கள் வளவுக்குள் இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் மூன்றாவது மெஷ் பெட்டி வாங்கிப் பூட்டுவோர் பலர். அதனால் நிலைமை பெரும்பாலும் இன்னும் மோசமாகும்.

சிக்னல் கோடு நிறைய, வேகம் இல்லை

ஃபோன் காட்டும் கோடு, ஃபோனுக்கும் பக்கத்துத் துணைப் பெட்டிக்கும் இடையிலான சிக்னல். அந்தத் துணைப் பெட்டிக்கும் முதல் பெட்டிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை ஃபோன் சொல்லாது. அதைப் பார்க்க மெஷ் செயலியைத் திறந்து துணைப் பெட்டியைத் தொடுங்கள். பேக்ஹால் என்ற பெயரில் அந்த இணைப்பின் தரம் இருக்கும். சிலதில் டிபிஎம் என்ற சிக்னல் பல அளவில் எண்ணாகவே காட்டும். மைனஸ் 65ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 75க்குக் கீழே போனால், அந்தப் பெட்டி பிச்சை வாங்கித்தான் உங்களுக்குத் தருகிறது.

பெரும்பாலோர் செய்வது, சிக்னல் வராத அறைக்குள்ளேயே துணைப் பெட்டியை வைப்பது. ஃபோனுக்கே எட்டாத இடத்தில் பெட்டிக்கும் சரியாக எட்டாது. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் கடைசி இடத்தில், அதாவது பாதி வழியில் வையுங்கள். இடையில் என்ன நிற்கிறது என்றும் பாருங்கள். கம்பி போட்ட கொங்கிறீட் தட்டு, தகரக் கூரை, குளிர்சாதனப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி பதித்த அலுமாரி, மீன் தொட்டி எல்லாம் ரேடியோவுக்குச் சுவரைவிடப் பெரிய தடை. மரக்கதவும் கிடுகும் ஒரு பொருட்டே இல்லை. அறுகம்பேயில் கிடுகு வேய்ந்த கபானாக்களுக்கு மெஷ் அருமையாக ஓடுவதும், புளியந்தீவில் இரண்டு மாடிக் கொங்கிறீட் வீட்டில் அதே பெட்டி திணறுவதும் இதனால்தான்.

இடத்தை மாற்றியும் பாதி வேகம்தான் வருகிறதா? அது பழுதில்லை, அதன் இயல்பு. இரண்டு அலைப்பட்டை மட்டும் உள்ள மலிவான மெஷ் பெட்டி ஃபோனோடு பேசுவதும் முதல் பெட்டியோடு பேசுவதும் பெரும்பாலும் அதே 5 கிகாஹேர்ட்ஸ் அலையில்தான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும். பழைய கல்லடிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கரை வாகனங்கள் வரும்போது மறு கரை காத்து நிற்க வேண்டியிருந்தது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகுதான் இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடின. மலிவான மெஷ் இன்னும் பழைய பாலம்தான். அதனால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவும்போது வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. இரண்டாவது துணைப் பெட்டி முதலாவதிடமிருந்து வாங்கினால் பாதியிலும் பாதி. மூன்று அலைப்பட்டை உள்ள பெட்டிகள் பேக்ஹாலுக்கென்று தனி அலை ஒதுக்குகின்றன, அதனால் இந்த இழப்பு குறைவு. விலைதான் அதிகம். அந்த மேலதிகக் காசுக்கு நூறு மீற்றர் நல்ல கேபிள் வாங்கலாம் என்பது என் கணக்கு.

காத்தான்குடி மாதிரி வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் இடங்களில் இன்னொரு காரணமும் உண்டு. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றே மூன்று. சுற்றியுள்ள பத்து வீடும் அந்த மூன்றைத்தான் பங்கு போடுகின்றன. அலைவரிசை அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். 40 போட்டால் வேகம் கூடும் என்று நினைத்துச் சிலர் கூட்டுவார்கள், நெரிசலில் அது உங்களுக்கும் அயலவருக்கும் சேர்த்தே கெடுதல். பேக்ஹால் 5இல் இருக்கிறதா, தூரம் கூடியதால் 2.4க்கு இறங்கிவிட்டதா என்பதையும் செயலியில் பாருங்கள். இறங்கியிருந்தால் பெட்டியை அருகே கொண்டுவாருங்கள்.

கேபிள் போட்டாயிற்று, ஆனாலும் 95ஐத் தாண்டவில்லை

இந்த எண்ணைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் காரணம் தெளிவு. நீங்கள் எடுத்த இணைப்பு 100 மெகாபிட்டைவிடக் கூடியதாக இருந்தும் வேகம் 93, 94, 95 என்று ஒரே இடத்தில் முட்டி நின்றால் எங்கோ ஒரு இணைப்பு 1000க்குப் பதிலாக 100 மெகாபிட்டில் ஓடுகிறது. 100க்கு நான்கு கம்பி, அதாவது இரண்டு சோடி போதும். 1000க்கு எட்டுக் கம்பியும் வேண்டும். மற்ற இரண்டு சோடியில் ஒரு கம்பி தொடாவிட்டாலும் இரு முனையும் பெரும்பாலும் 100க்கு இறங்கிவிடும். வெளியில் எந்த எச்சரிக்கையும் வராது.

விண்டோஸில் ஈதர்நெட் அமைப்புக்குள் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 100 என்றால் முதலில் இரண்டு முனையிலும் உள்ள பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு கம்பி முனை வரை போகாமல் பாதியில் நிற்பது கண்ணுக்கே தெரியும். வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் பண்ணுவதென்றால், அதாவது புதுப் பிளக் நசுக்கிப் பூட்டுவதென்றால், இரண்டு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். நீலச் சோடி நடுவில், பச்சைச் சோடி அதைச் சுற்றிப் பிரிந்து வருவது பிழை என்று நினைத்து 'அழகாக' அடுக்கிவிடுவோர் உண்டு. கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் நீளமான கேபிளில் தரவு சிதறும். அந்தப் பிரிவு வேண்டுமென்றே செய்யப்பட்டது.

பிளக் சரியாக இருந்தும் 100 என்றால் பெட்டியின் துளையே 100தானா என்று பாருங்கள்; மலிவான 4ஜி ரவுட்டர்கள் பலவற்றில் அப்படித்தான். அதுவும் சரியென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். கடையில் கேட் 6 என்று கேபிளின் தரத்தை அச்சடித்து மலிவாக விற்பதில் செம்பு பூசிய அலுமினியக் கம்பி இருக்கலாம். கத்தியால் கம்பியை மெல்லச் சுரண்டுங்கள்; உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அது மடித்த இடத்தில் முறியும், கடற்காற்றில் வேகமாக அரிக்கும். முழுச் செம்பு கேட் 5இ போதும். 100 மீற்றர் வரை 1000 மெகாபிட் தரும். வீட்டுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.

கேபிளைச் செருகியதும் மொத்த வீடும் படுத்துவிட்டது

லேன் சுவிட்சின் (ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் பேய் பிடித்த மாதிரி மின்னும், யாருக்கும் இணையம் இருக்காது. இது வளையம். துணைப் பெட்டி ரேடியோ வழியாகவும் கேபிள் வழியாகவும் ஒரே நேரத்தில் முதல் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது, அல்லது ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருக்கிறது. எல்லாருக்கும் என்று அனுப்பிய ஒரு செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி வலையமைப்பை மூச்சடைக்க வைக்கிறது. கடைசியாகச் செருகியதைக் கழற்றினால் சில செக்கன்களில் தெளியும்.

நல்ல மெஷ் பெட்டிகள் கேபிளைக் கண்டதும் ரேடியோ இணைப்பைத் தாமாகவே விட்டுவிடும். சிலதில் செயலிக்குள் போய் ஈதர்நெட் பேக்ஹாலை இயக்க வேண்டும். இயக்கிய பிறகு கேபிளைச் செருகுங்கள். இன்னொரு விஷயம், கேபிள் முதல் மெஷ் பெட்டியின் லேன் துளையிலிருந்து கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் நிறுவனத்தின் ரவுட்டரிலிருந்து நேரே துணைப் பெட்டிக்கு இழுத்தால், முதல் பெட்டி ரவுட்டர் நிலையில் இருக்கும்வரை துணைப் பெட்டி குழம்பும்.

நடந்தால் அழைப்பு அறுகிறது

வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே முன் வீட்டிலிருந்து கிணற்றடி தாண்டிப் பின்னால் போகிறீர்கள். குரல் ரோபோ மாதிரியாகி நின்றுவிடுகிறது. பின் வீட்டில் நின்றபடி வைஃபையை அணைத்துத் திரும்பப் போடுங்கள். உடனே சரியானால் ஃபோன் பழைய பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்திருக்கிறது. எந்தப் பெட்டியோடு சேர்வது என்று கடைசியில் முடிவு செய்வது ஃபோன்தான். பெட்டி ஆலோசனைதான் சொல்லலாம். அந்த ஆலோசனைக்குரிய வசதிகள் செயலியில் வேக ரோமிங் என்ற மாதிரிப் பெயரில் இருக்கும், இயக்குங்கள். பழைய ஃபோன் ஏதாவது அதன் பிறகு சேர மறுத்தால் அணைத்துவிடுங்கள்.

பெட்டிகள் மிக நெருக்கமாக இருந்தாலும் இதே தொல்லை வரும்: முதல் பெட்டியின் சிக்னல் பின் வீட்டிலும் ஓரளவு எட்டுவதால் ஃபோனுக்கு மாற வேண்டிய தேவை தோன்றாது. முதல் பெட்டியின் ஒலிபரப்புச் சக்தியை ஒரு படி குறைத்துப் பாருங்கள். குறைப்பதா என்று யாரும் கேட்பார்கள், ஆனால் வேலை செய்யும். வீட்டில் எங்காவது பழைய ரிப்பீட்டர் ஒன்று மறந்துபோய்ச் செருகியபடியே இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

இணையம் இருக்கிறது, பிரிண்டரைக் காணவில்லை

இரண்டு ரவுட்டர் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் வீட்டுக்குள் இரண்டு தனி வலையமைப்பு உருவாகும். பிரிண்டரும் சிசிடிவி கமராவும் ஒன்றில், நீங்கள் மற்றதில். மெஷ்ஷை அக்சஸ் பொயின்ட் நிலைக்கு, அதாவது ரவுட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் தரும் நிலைக்கு, மாற்றினால் பெரும்பாலும் தீரும். விருந்தினர் வலையில் சேர்ந்திருக்கிறீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இதன் எதிர்ப்பக்கம்: "இணைந்தது, ஆனால் இணையம் இல்லை." முகவரி 169.254 என்று தொடங்கினால் முகவரி கொடுக்க ஆளில்லை என்று பொருள். கேபிளையோ பெட்டியையோ பாருங்கள். சில கருவிகளுக்கு மட்டும் விட்டு விட்டு இப்படி நடந்தால், பழைய ரவுட்டர் ஒன்றை சுவிட்ச் மாதிரிப் பயன்படுத்துகிறீர்கள், அதுவும் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் டிஎச்சிபி என்ற, முகவரி கொடுக்கும் வசதியை அணையுங்கள்.

இடி முழங்கிய பிறகு ஒரு துளை மட்டும் செத்துவிட்டது

கேபிள்தான் சிறந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இங்கேதான் அதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு. ஒரு வீட்டுக்குள் செம்புக் கேபிள், கேள்வியே இல்லை. இரண்டு வீட்டுக்கிடையில் செம்பு வேண்டாம்.

பங்குனி, சித்திரையிலும் மறுபடி ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி இங்கே தவறாது. மின்னல் வீட்டில் விழ வேண்டியதில்லை. பக்கத்துத் தென்னையில் விழுந்தாலும், வளவின் குறுக்கே போகும் செம்புக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். இரண்டு வீட்டின் நிலத் தொடுப்பும் வேறு வேறு என்பதால் அந்த வேறுபாடு கேபிள் வழியாகத்தான் சமன்படப் பார்க்கும். பலியாவது இரண்டு முனையிலும் உள்ள லேன் துளைகள். அறிகுறி இப்படி இருக்கும்: பெட்டியின் விளக்கு எரியும், வைஃபை வரும், ஆனால் ஒரு துளையில் விளக்கு வராது, அல்லது 10 மெகாபிட்டில் மட்டும் சேரும். வேறு துளையில் செருகிப் பாருங்கள். செத்த துளை திரும்பி வராது. அதை டேப் ஒட்டி மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள்.

நிரந்தரத் தீர்வு வீடுகளுக்கிடையில் பைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. இரண்டு முனையிலும் ஆளுக்கொரு மீடியா கன்வேர்ட்டர் (பைபரின் ஒளியைச் செம்புக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி). அங்கிருந்து உள்ளே குட்டிச் செம்புக் கேபிள். ஒற்றை இழையில் ஓடும் கன்வேர்ட்டர் என்றால் ஏ, பி என்று சோடியாக வாங்க வேண்டும். இரண்டும் ஏ என்றால் விளக்கே வராது. பைபர் முனைகளில் பச்சைத் தலையும் நீலத் தலையும் உண்டு, இரண்டின் முகமும் ஒரே கோணத்தில் சீவப்பட்டதல்ல. கன்வேர்ட்டர்களில் வழக்கமாக நீலம். பச்சையை அதில் திணித்தால் சேர்ந்த மாதிரி இருக்கும், ஒளி போதாது. வெளியில் தொங்கும் பைபரோடு ஒரு இரும்புக் கம்பியும் வரும். அதைச் சுவருக்கு வெளியிலேயே பிரித்துக் கொக்கியில் கட்டுங்கள். அதையும் உள்ளே கொண்டுவந்தால் பைபர் போட்டதில் பாதிப் பயன் போய்விடும்.

பைபர் இப்போதைக்கு முடியாது என்றால், இரண்டு வீட்டுக்கு நடுவில் மட்டும் ரேடியோவை விடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கேபிள். மெஷ் தன் விலைக்கு வேலை செய்யும் இடம் இதுதான். எதிரெதிர் ஜன்னலோரம் இரண்டு பெட்டியையும் ஒன்றையொன்று பார்க்க வையுங்கள். நடுவில் மாமரம் நின்றால் மழைக்காலத்தில் நனைந்த இலை சிக்னலைக் குடிக்கும். மழையன்று மட்டும் வேகம் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மழையன்று விழுவதற்கு அதைவிட வழமையான காரணம் வெளியில் போட்ட இணைப்பான். இரண்டு கேபிளை நடுவழியில் ஜொயின்டர் போட்டு நீட்டி, பொலித்தீன் சுற்றியிருப்பார்கள். தண்ணீர் உள்ளே நின்று கம்பி பச்சை பூத்துவிடும். நாவலடி, கல்லடி போன்ற கடலோரத்தில் மழையில்லாமலே உப்புக் காற்று அந்த வேலையைச் செய்யும். ஒரே வீட்டின் வெளிச்சுவரோரம் போகும் கேபிளென்றாலும் வெளியில் ஜொயின்ட் கூடாது, கேபிள் ஒரே துண்டாகப் போக வேண்டும், கறுப்பு உறையுள்ள வெளிப்புறக் கேபிள் வேண்டும். சாம்பல் நிற உட்புறக் கேபிளின் உறை வெயிலில் வெடித்துவிடும். சுவருக்குள் நுழையும் முன் கேபிளைச் சற்றுக் கீழே தொங்க விட்டு மேலேற்றுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கரண்ட் வந்த பிறகு பெட்டிகள் ஒன்றையொன்று தேடுகின்றன

எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெறும்போது, துணைப் பெட்டி முதல் பெட்டியைத் தேடிக் களைத்துவிடும். எல்லாவற்றையும் அணைத்து, பைபர் மொடத்தை முதலில் போட்டு விளக்கு நிலைக்கும்வரை பொறுங்கள். அடுத்து முதல் பெட்டி, கடைசியாகத் துணைப் பெட்டிகள். கரண்ட் போனாலும் வேலை நடக்க வேண்டும் என்றால் ரவுட்டருக்கான சிறிய டிசி யூபிஎஸ் (பற்றரிப் பெட்டி) போதும், ஆனால் வழியிலுள்ள ஒவ்வொன்றுக்கும் வேண்டும்: மொடம், முதல் பெட்டி, சுவிட்ச், கன்வேர்ட்டர், துணைப் பெட்டி. சங்கிலியில் ஒன்று அணைந்தாலும் அதற்குப் பின்னால் உள்ளவர்களுக்கு இருட்டுதான். யூபிஎஸ் வாங்குமுன் அடப்டரில் எழுதியுள்ள வோல்டேஜைப் பாருங்கள். 9 கேட்கும் பெட்டிக்கு 12 கொடுத்துவிடாதீர்கள்.

சில சில்லறைத் தொல்லைகள்

புதிய துணைப் பெட்டி சேர மறுத்தால் முதல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சேர்த்துவிட்டு, பிறகு இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஸ்மார்ட் பல்ப், மலிவான கமரா சேரவில்லையா? அவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். சேர்க்கும் நேரத்துக்கு 5ஐ அணையுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் இடையிடையே ஒரு நிமிடம் காணாமல் போய் வந்தால் அலைவரிசை 52க்கும் 144க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ராடாரோடு பங்கு போடும் பகுதி, ராடார் என்று சந்தேகம் வந்தால் பெட்டி விலகியே ஆக வேண்டும். 36க்கு மாற்றுங்கள்.

பின்னேரம் மட்டும் இழுபடுகிறது

காலை நன்றாக இருந்து இரவு ஏழு மணிக்குப் பிறகு தவழ்ந்தால், தொடக்கத்தில் சொன்ன கேபிள் சோதனையை அந்த நேரத்திலேயே செய்யுங்கள். கேபிளிலும் அதே வேகம்தான் என்றால் மெஷ், சுவர், மாமரம் எதன் மேலும் பழியில்லை. 4ஜி இணைப்பு என்றால் ஊரே ஒரே கோபுரத்தில் தொங்கும் நேரம் அது. ரவுட்டரைக் கோபுரம் பார்க்கும் ஜன்னலுக்கு மாற்றினால் கொஞ்சம் கூடலாம்.

பைபர் என்றால் வீட்டுக்குள் ஒருவரைச் சந்தேகியுங்கள். யாருடைய ஃபோனாவது அந்த நேரத்தில் படங்களையும் வீடியோக்களையும் மேகக் கணக்குக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். மேலேற்றும் பக்கம் நிரம்பினால் பதிவிறக்கமும் தடுமாறும், பிங் 20இலிருந்து சில நூறுக்குத் தாவும். ஒவ்வொரு ஃபோனாக வைஃபையை அணைத்துப் பிங்கைப் பார்த்தால் ஆள் பிடிபடுவார். ரவுட்டரில் கியூஓஎஸ் (வேகத்தைப் பங்கிட்டுக் கட்டுப்படுத்தும் வசதி) இருந்தால் மேலேற்றும் வேகத்தை இணைப்பு தரும் அளவிலிருந்து ஒரு பத்து வீதம் குறைத்து வையுங்கள்.

எல்லா ஃபோனையும் அணைத்து, கேபிளில் ஒரு லப்டொப் மட்டும் இருந்தும் அதே கதை என்றால், இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு அழைக்கும் நேரம். "வைஃபை ஸ்லோ" என்று தொடங்காதீர்கள். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். கேபிளில் எடுத்த வேகம், பெட்டிக்கும் 8.8.8.8க்கும் வந்த பிங், எடுத்த நேரம், மூன்றையும் அடுத்தடுத்த இரண்டு இரவு எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.